உள்நோக்குக் கருவிகளும் அவற்றின் மெய்ப்பயனும்

(திருப்பூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் வைத்திய சம்பந்தமானது. வைத்தியர்க்கன்றோ இது வேண்டும், பனியன் தொழில் செய்யும் நமக்கு எற்றுக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நமது மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்த்தவர்கள் அங்ஙனம் நினையார். "வயிற்றினுட் குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சை, வழக்கமான கருவியாற் செய்வது கடினம், புதுக்கருவி ஒன்றைக் கொண்டு செய்தால் எளிதில் முடியும், அதற்குத் தனியே இவ்வளவு தொகை" என்ற கருத்தையே அவற்றுட் பல தாங்கி வருகின்றன. தொகையோ பெரிது. தையல் யந்திரத்தை விற்றும், தாலிக்கொடியை அடகு வைத்தும் அதனைக் கட்டுகின்ற குடும்பங்கள் நம்முள் உண்டு. ஆதலின், "எளிது" என்னும் அச்சொல்லின் பொருள் யாது, அது யாருக்கு எளிது, அவ்வெளிமையால் நோயாளிக்கு விளையும் நன்மை இன்னதென்று நிச்சயிப்பது எங்ஙனம் என்பவற்றை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். உயிருள்ள மனிதனின் இரைப்பையைக் கண்ணாற் காண முயன்றவருள் முன்னோடி ஜர்மனி தேசத்து வைத்தியர் குஸ்மால் என்பார். 1868-ஆம் ஆண்டில் அவர் வளையாத உலோகக் குழாயொன்றை, வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனது தொண்டை வழியே செலுத்திப் பார்த்தார். மற்றவர்க்கு அது இயலாதென்பதை அவர் தேர்ந்தெடுத்த ஆளே காட்டுகிறான். வளையும் குழாய்க்கு வழி திறந்த பெருமையில் நம் நாட்டவர் ஒருவர்க்கும் பங்குண்டு. பஞ்சாபின் மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் ஆசிரியருடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களின் கற்றை வழியே உருவத்தைக் கொண்டுசெல்லலாம் என்பதை 1954-இல் நிலைநாட்டினார். அதனைக் கொண்டு ஹிர்ஷோவிட்ஸ் என்பார் 1957-இல் வளையும் இரைப்பை நோக்கியைச் செய்து காட்டினார். 1968-இல் பித்தநாளத்தின் வாயிலுட் சாயமருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை வந்தது. 1974-இல் அவ்வாயிலைக் கீறிக் கல்லெடுக்கும் முறையும் வந்தது. இதுவே இன்று ஈ.ஆர்.சி.பி. எனப்படுவது. பார்ப்பதற்கென வந்த கருவி இங்ஙனம் அறுவைக் கருவியாயிற்று. கடினமும் அதனோடு கூடவே வந்தது.

கடினம் யாதெனின், பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலில் வந்து திறக்கும் வாயில் மிகச் சிறியது. வாய் வழியே சென்று, இரைப்பையைக் கடந்து, வளைந்து நின்று, அச்சிறு வாயிலுட் குழலை நுழைத்தல் வேண்டும். பித்தநாளத்தை நாடிய குழல் கணையநாளத்திற் புகுந்து துன்புறுத்துமாயின் கணையம் அழற்சியுறும். சிலர்க்கு அது உயிர்க்கே இறுதியாகவும் முடியும். சிறுகுடலோ பல முழம் நீண்டு சுருண்டு கிடப்பது. பெருங்குடலின் மடிப்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சிறு சதைமுளைகள் கண்ணுக்குத் தப்புவன. இவ்விடர்களைக் குறைக்கவே நாள்தோறும் புதுக்கருவிகள் தோன்றுகின்றன. அவற்றை ஆக்குவோர் முயற்சியை யான் இகழேன். ஆயினும், ஒவ்வொன்றும் சோதனைக்கு உட்பட்டே ஏற்கத்தக்கது.

சோதனையின் இலக்கணத்தை நமது தொழிலினின்றே விளக்குவேன். புதிய பின்னல் யந்திரம் விற்க வருபவர், அதில் ஓடிய துணியில் நல்லவற்றைப் பொறுக்கிக் கொணர்ந்து காட்டுவார். அனுபவமுள்ள முதலாளி அதனைக் கண்டு மயங்கார். ஒரே நூலை, ஒரே நாளில், பழைய யந்திரத்திலும் புதியதிலும் ஓட்டச் செய்வார். எந்தப் பெட்டி நூல் எந்த யந்திரத்துக்கு என்பதைத் தம் விருப்பப்படி பிரியாமல் சீட்டுப் போட்டுப் பிரிப்பார். செக்கிங் செய்யும் பெண்களிடம் எத்துணி எதில் ஓடியது என்பதைச் சொல்லார். யந்திரத்தினின்று இறங்கியவுடன் பார்த்து முடிவு கூறாமல், சாயமேற்றித் துவைத்தபின் சுருங்குகிறதா, சாய்கிறதா என்றும் பார்ப்பார். வைத்திய ஆராய்ச்சியின் முறையும் இதுவே. ஒப்பிடுதல், சீட்டுப் போட்டுப் பிரித்தல், அளப்பவர் அறியாதிருத்தல், காலங்கழித்துப் பார்த்தல் என்னும் இந்நான்கும் அமைந்த ஆராய்ச்சியே உறுதியான சான்று. இவையின்றி, "எங்களிடம் இத்தனை பேர் குணமடைந்தனர்" என்பது பொறுக்கிக் காட்டிய துணியை ஒக்கும். பொய்யன்று, ஆயினும் போதாது.

இதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த சிறந்த உதாரணம் ஒன்றுண்டு. தென்னிந்தியாவில், விசேஷமாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குடிப்பழக்கம் இல்லாதவர்க்கும் இளவயதிலேயே கணையத்திற் கல் உண்டாகும் நோய் ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. தாங்கொணா வயிற்றுவலி, பின்னர் நீரிழிவு, உடல் மெலிவு என்று அது வளரும். கணையநாளத்திற் பதிந்த கல் பெரிதாயின், உள்நோக்குக் கருவியால் அதனை எடுத்தல் மிகக் கடினம். சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளால் தகர்க்கும் யந்திரம் 1980-இல் ஜர்மனியின் முனிச் நகரில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1987-இல் கணையக் கல்லுக்கும் அதனைப் பயன்படுத்திய செய்தி வெளிவந்தது. கல்லை முதலிற் பொடியாக்கிவிட்டால், பின் உள்நோக்கி வழியே துடைத்தெடுத்தல் எளிதாகும் என்பதே கருத்து.

ஹைதராபாத்தில் உள்ள ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆப் காஸ்ட்ரோஎன்டராலஜி என்னும் நிலையத்தார், டாக்டர் நாகேசுவர ரெட்டி அவர்கள் தலைமையில் இம்முறையைப் பெருமளவிற் கையாண்டனர். 1006 நோயாளிகளைப் பற்றிய அவர்களது அறிக்கை 2010-இல் வெளிவந்தது. 100-க்கு 76 பேர்க்குக் கல் முழுவதும் நீங்கியது. 17 பேர்க்கு ஓரளவு நீங்கியது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கப்பட்ட 846 பேரில் 711 பேர்க்கு, அதாவது 100-க்கு 84 பேர்க்கு, வலி குறிப்பிடத்தக்க அளவு தணிந்திருந்தது. கடினமான செயலைக் கருவி எளிதாக்கிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பிடுதற்கு மற்றொரு கூட்டம் இதில் இல்லை. இந்நோயின் வலியோ அலைபோல் ஏறியும் இறங்கியும் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போதே நோயாளி ஆஸ்பத்திரியை நாடுகிறான். ஒன்றும் செய்யாவிடினும் அது சிறிது தணியலாம். பெரிய சிகிச்சை நடந்தது என்னும் நம்பிக்கையே வலியைக் குறைப்பதும் உண்டு. அப்படியாயின், 84 என்ற எண்ணில் யந்திரத்தின் பங்கு எவ்வளவு?

இக்கேள்வியை அயலார் எழுப்பும் வரை அந்நிலையத்தார் காத்திருக்கவில்லை. தங்கள் முறையைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தினர். 106 நோயாளிகளைச் சீட்டு முறையிற் பிரித்து, 52 பேர்க்கு உண்மையான சிகிச்சையும், 54 பேர்க்குச் சிகிச்சை நடந்தது போன்ற பாவனையும் செய்யப்பட்டன. தமக்கு நடந்தது எது என்பது நோயாளிகட்குத் தெரியாது. 2024-இல் வெளியான முடிவு வருமாறு: வலியை 0 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில், 12 வாரங்கள் கழிந்தபோது உண்மைச் சிகிச்சை பெற்றோர்க்குச் சராசரியாக 0.7 அளவே கூடுதலாக வலி குறைந்திருந்தது. 24 வாரத்தில் அவ்வேறுபாடும் நிலைக்கவில்லை. சாயமிட்ட துணியின் தரம் துவைத்த பின்னரே தெரியும் என்றேனன்றோ? அதுவே இது.

வேறு தேசத்து ஆராய்ச்சிகளும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 55 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு அதிர்வலை மாத்திரமும், மற்றதற்கு அதிர்வலையோடு உள்நோக்குச் சிகிச்சையும் அளித்தனர். இரண்டாண்டில் வலி மீண்டவர் முன்னதில் 100-க்கு 38; பின்னதில் 45. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று, செலவோ பின்னதில் மும்மடங்கு. நெதர்லாந்து தேசத்தார் 88 நோயாளிகளிடம் செய்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உள்நோக்குச் சிகிச்சையை முதலில் முயன்றவரைவிடக் காலதாமதமின்றி அறுவைச் சிகிச்சை பெற்றவர்க்கே வலி குறைவாக இருந்தது. ஆகவே, எளிய வழி எப்போதும் நல்ல வழியன்று. இதனால் அதிர்வலை யந்திரம் பயனற்றதென்று யான் கூறவில்லை. தக்க நோயாளிக்கு அது இன்றும் கொள்ளத்தக்கதே. ஆனால் "கல் போயிற்று" என்பது வேறு. "வலி போயிற்று" என்பது வேறு. நாம் பணம் கொடுப்பது இரண்டாவதற்காகவே.

இனி, சோதனையில் வென்றவற்றையும் கூறாவிடின் நடுநிலை ஆகாது. பித்தநாளத்துட் குழலை நுழைக்குமுன் மெல்லிய கம்பியொன்றை வழிகாட்டியாகச் செலுத்தும் முறை, சாயமருந்தைச் செலுத்தி வழிதேடும் பழைய முறையோடு பல ஆராய்ச்சிகளில் ஒப்பிடப்பட்டது. கம்பி முறையினால் கணைய அழற்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைவது தெரிந்தது. இங்கே வைத்தியர்க்கும் எளிது, நோயாளிக்கும் நலம். பித்தநாளத்தின் பெருங்கற்களை, நாளத்தின் உள்ளேயே செல்லும் சிறு நோக்கியால் நேரிற் கண்டு லேசர் ஒளியாற் பொடிக்கும் முறையையும் சோதித்தனர். 2018-இல் வெளியான 60 பேர் கொண்ட ஆராய்ச்சியில், இம்முறையால் 100-க்கு 93 பேர்க்கும், வழக்கமான முறையால் 67 பேர்க்கும் கல் நீங்கியது. அடைப்பு நீங்குவதே இந்நோயில் முதன்மையான நன்மையாதலின், பெருங்கல் உடையார்க்கு இதனை வீண்செலவென்று தள்ளுதல் தகாது. சிறுகல்லையும் இதனாலேயே எடுக்க வேண்டுமென்பார் உளராயின், அதற்கு இவ்வாராய்ச்சி சான்றாகாது.

விலைமிக்க கருவிகளே நன்மை தருவன என்று எண்ணுவோர்க்கு மற்றொன்று சொல்வேன். ஈ.ஆர்.சி.பி. செய்தபின் கணைய அழற்சிக்கு இலக்காகக்கூடிய 602 நோயாளிகளிடம், மலவாயில் வைக்கும் இண்டோமெதசின் என்னும் மருந்துக் குளிகையைச் சோதித்து 2012-இல் வெளியிட்டனர். பாவனைக் குளிகை பெற்றவருள் 100-க்கு 16.9 பேரும், மருந்து பெற்றவருள் 9.2 பேரும் அழற்சியுற்றனர். பெரிய யந்திரம் எதுவும் வேண்டாத ஒரு சிறு குளிகை செய்த வேலை இது. 1950 பேர் கொண்ட மற்றோர் ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. குளிகையோடு கணையநாளத்தில் ஒரு சிறு குழலையும் தற்காலிகமாக வைத்தால், அழற்சி 14.9-லிருந்து 11.3 ஆகக் குறையும் என்பதை அது காட்டிற்று. பெருங்கருவிக்குப் பணம் கட்டுமுன், இச்சிறு காப்புகள் செய்யப்படுகின்றனவா என்று கேட்பது அறிவுடைமை.

பெருங்குடற் சோதனையிலும் இத்தகைய எளிய உதவி உண்டு. நோக்கியின் நுனியில் மென்முட்கள் உடைய சிறு உறையொன்றை மாட்டினால், குடல் மடிப்புகள் விரிந்து மறைந்த சதைமுளைகள் புலப்படும். இங்கிலாந்தில் ஏழு ஆஸ்பத்திரிகளில் 1772 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது, முளை கண்டுபிடிக்கப்பட்டோர் தொகை 100-க்கு 36.2-லிருந்து 40.9 ஆக உயர்ந்தது. மலத்தில் இரத்தம் இருப்பது தெரிந்து அனுப்பப்பட்டவரிடம் 50.9-லிருந்து 61.7 ஆயிற்று. மற்றவரிடம் சிறப்பான வேறுபாடு இல்லை. முளை காண்பதனால் ஆவதென்ன எனின், 136 வைத்தியர் செய்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிக்கை 2014-இல் விடை தந்தது. வைத்தியர் முளை காணும் வீதம் 100-க்கு ஒன்று உயருந்தோறும், பின்னாளில் அந்நோயாளிகட்குக் குடற்புற்று வரும் அபாயம் 100-க்கு மூன்று குறைந்திருந்தது. வைத்தியரின் கண்ணும் பொறுமையுமே அங்கே முதற் கருவிகள்.

அக்கண்ணுக்குத் துணையாகக் கணிப்பொறி அறிவும் இப்பொழுது வந்துள்ளது. சீன தேசத்தில் 1058 பேரிடம் செய்து 2019-இல் வெளியான ஆராய்ச்சியில், அதன் துணையால் முளை காணும் வீதம் 20.3-லிருந்து 29.1 ஆக உயர்ந்தது. ஆயினும் போலந்து தேசத்தின் நான்கு நிலையங்களிலிருந்து 2025-இல் வந்த அறிக்கை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அத்துணைக்குப் பழகிய பின்னர், துணையின்றிச் செய்த சோதனைகளில் முளை காணும் வீதம் 28.4-லிருந்து 22.4 ஆகக் குறைந்திருந்தது. இது சீட்டுப் போட்டுப் பிரித்த ஆராய்ச்சியன்று. ஆதலின் முடிந்த முடிபாகக் கொள்ளற்க. எனினும் யந்திரம் ஓட ஓடக் கையின் திறம் குறையக்கூடும் என்பதைத் தொழிலாளராகிய நாம் அறியாதவரல்லேம்.

தீங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுகுடலின் ஆழத்தைக் காணுதல் நெடுநாள் இயலாத காரியமாயிருந்தது. ஜப்பானியராகிய யமமோட்டோ என்பார் இரண்டு பலூன்களின் துணையால் குடலைச் சுருக்கிச் சுருக்கி முன்னேறும் முறையை 2001-இல் வெளியிட்டார். அது நேரம் பிடிப்பது. பின்னர், மின்விசையால் தானே சுழன்று திருகுபோல் முன்னேறும் கருவி வந்தது. வேகமும் ஆழமும் மிகுந்ததென்று ஆராய்ச்சிகள் புகழ்ந்தன. இந்தியாவிலும் அது வழங்கிற்று. ஆயினும் கடுந்தீங்கு பற்றிய செய்தி வந்ததும், 2023-இல் உற்பத்தியாளரே அதனைத் திரும்பப் பெற்றனர். ஆராய்ச்சி செய்தார் பொய் கூறினரல்லர். ஆயிரத்தில் ஒருவர்க்கு நேரும் கேடு, இருநூறு பேர் கொண்ட ஆராய்ச்சியிற் பெரும்பாலும் தோன்றாது. ஆதலின் கருவி புதிதாயின், அதன் கேடுகளும் முழுதும் தெரியவராதவை என்றே கொள்க.

நமது அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு 2015-இல் தொடங்கிற்று. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும், அனுமதி பெற்ற கருவி என்பதனால், பழையதினும் அது மேலானது என்று நிரூபிக்கப்பட்டதாகப் பொருளாகாது. விற்கலாம் என்பதே அதன் பொருள்.

ஆதலால், நமது நிதிக் குழுவினரும், நோயாளியின் உறவினரும் வைத்தியரிடம் வணக்கத்தோடு கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. ஒன்று: இக்கருவியால் எளிதாவது செய்யும் வேலையா, நோயாளி படும் துன்பமா? இரண்டு: எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேரிடம் இதனைச் சோதித்தார்கள்? மூன்று: அந்நன்மை எத்தனை மாதம் நிலைத்தது? நான்கு: கேடுகள் எவை? தாங்கள் இதனை எத்தனை முறை கையாண்டிருக்கிறீர்கள்? ஐந்து: இதனைக் கொள்ளாவிடின் உள்ள மாற்று வழி யாது, அதன் செலவு என்ன? நல்ல வைத்தியர் இக்கேள்விகட்கு முகஞ்சுளியார். ஐயம் எஞ்சுமாயின் மற்றொரு வைத்தியரின் கருத்தையும் கேட்கலாம். கோயம்புத்தூரில் 1966 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி உளது. நம் திருப்பூரிலும் 2022-இல் ஒன்று திறக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் ஒருங்கு கூடுமாயின் பித்தநாளம் சீழ்கொண்டிருக்கலாம். அப்போது கேள்விகளில் நாள் கழிப்பது உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கேள்வி கேட்பது காலமுள்ள நோய்க்கு. காலமில்லா நோய்க்கு விரைவே மருந்து.

அன்பர்களே! நூல் வாங்கும்போது நம்பர் பார்க்கிறோம். சாயம் வாங்கும்போது துவைத்துப் பார்க்கிறோம். ஒரு யந்திரம் வாங்கப் பத்து ஆலை ஏறி இறங்குகிறோம். உடம்பின் காரியத்தில் மாத்திரம் "புதியது, எளியது" என்னும் இரு சொற்கேட்டு உள்ளதனைத்தையும் எடுத்துக் கொடுப்பது முறையாகாது. அஞ்சி எதனையும் மறுப்பதும் முறையாகாது. இவ்வைந்து கேள்விகளையும் அச்சிட்டு, உதவி விண்ணப்பத்தோடு ஒவ்வொருவர்க்கும் கொடுக்கும்படி நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கிறேன். பொதுப்பணத்தில் ஒரு காசும் வீணாகாது, வேண்டியவர்க்கு வேண்டிய சிகிச்சை தடையின்றிக் கிடைக்க அது உதவும்.